பால் சுரந்த கிடாக்கள்

காயடித்த கிடாவுக்கு மடி இறங்கிப் பால் சுரந்தால் எந்த ஆட்டுக்காரரும் மிரண்டுதான் போவார். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதியில் 1940களின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட, காயடித்த மெரினோ கிடாக்களுக்குக் காம்பு பருத்தது. பிதுக்கினால் பால் வந்தது. பிறகு சிலவற்றுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. அடைப்பு முற்றிச் செத்தன. அதே மந்தையின் பெட்டைகள் பட்ட பாடு இதைவிட மோசம். முறைப்படி பருவத்துக்கு வந்தன, கிடாவோடு சேர்ந்தன, சினை மட்டும் நிற்கவில்லை. நின்ற சில சினைகளும் ஈனும் நேரத்தில் சிக்கின; நாள் நிறைந்த குட்டி வெளியே வர வழியில்லாமல் வயிற்றுக்குள்ளேயே செத்தது. சினையே பிடிக்காத ஆடுகளுக்கும் கருப்பை வெளித்தள்ளியது. மோசமான பண்ணைகளில் நூறு பெட்டைகளுக்கு முப்பது குட்டிகூடத் தேறவில்லை.

பஞ்சம் பட்ட ஆடு குட்டி போடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவை பஞ்சம் பட்ட ஆடுகளே அல்ல. உடம்பில் சதை பிடித்து, ரோமம் அடர்ந்து, பார்க்க வாட்டசாட்டமாக இருந்தன. அவை நின்று மேய்ந்த பச்சை, அந்த நாட்டு உழவர்கள் வரமாகக் கொண்டாடிய பச்சை. அங்குள்ள மண் மணற்பாங்கானது, சத்தில்லாதது. அதில் சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தூவி, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்த ஒரு குளோவர்ச் செடியை வளர்த்தார்கள். பூத்து முடிந்ததும் நிலக்கடலையைப் போலத் தன் காயை மண்ணுக்குள் இறக்கிக்கொள்ளும் செடி அது. ஆகவே ஆடு எவ்வளவு மேய்ந்தாலும் விதை தப்பிக்கும். அடுத்த மழையில் தானாக முளைக்கும். வேரில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணுக்கும் கொடுக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆமோஸ் ஹோவர்ட் என்ற உழவர் 1889இல் இதன் அருமையைக் கண்டுகொண்டு பரப்பியதிலிருந்து, லட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை இது மாற்றியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அதிகம் விதைக்கப்பட்டது ட்வால்கனப் என்னும் முன்பருவ ரகம். பாஸ்பேட் போட்ட நிலத்தில் அது மற்றப் புற்களை அமுக்கி, வேறெதுவும் இல்லாமல் தான் மட்டும் விரிந்தது.

மாநில வேளாண்துறையின் கால்நடை நோயியலாளர் ஹரால்ட் பென்னட்ஸ், ஊட்டச்சத்து ஆய்வாளர் எரிக் அண்டர்வுட், அவர்களோடு எஃப். எல். ஷியர் ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து 1946இல் அறிக்கை எழுதினார்கள். குட்டி விழாத மந்தை என்றால் கருச்சிதைவுக் கிருமியைத் தேடுவதுதான் வழக்கம். இங்கே கிருமியால் விளக்க முடியாத ஒரு சாட்சி கண்முன்னே நின்றது: பால் சுரந்த கிடா. காயடித்த உடம்பில் பாலின ஹார்மோனைச் சுரக்க விதை இல்லை, சூலகமும் இல்லை. அந்த உடம்பின் மடி பெருக்க வேண்டுமானால் ஈஸ்ட்ரோஜன் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூத்திர அடைப்புக்கும் அதுதான் காரணம்: கிடாவின் சிறுநீர்க் குழாயை ஒட்டியிருக்கும் சுரப்பிகள் ஈஸ்ட்ரோஜனால் வீங்கிக் குழாயை நெரித்தன. வெளியிலிருந்து இந்த ஆடுகளுக்குள் போனது ஒன்றே ஒன்று, குளோவர். புதிதாக வாங்கிவிட்ட பெட்டைகள் முதல் பருவத்தில் ஓரளவு ஈன்றன, பருவத்துக்குப் பருவம் நிலை கெட்டது என்பதும் பொருந்திவந்தது. மேய மேய ஏறும் பாதிப்பு அது. ஒரு செடி தன் இலையில் விலங்கின் பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருளை வைத்திருக்கிறது. அது ஒரு நாட்டின் ஆட்டுத்தொழிலையே ஆட்டம் காண வைக்கும் என்பது அந்த அறிக்கைக்கு முன்பு யாருக்கும் தோன்றியிராத செய்தி.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்கும் வேலை வேதியியலாளர்களிடம் போனது. 1951இல் பிராட்பரி, வைட் இருவரும் குளோவர் இலையிலிருந்து ஜெனிஸ்டீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோயாவிலும் நிறைய இருப்பது அது. ஈஸ்ட்ரோஜன் தன்மையை அளக்க அக்காலத்தில் இருந்த முறை எளிமையானது: பொருளைச் சுண்டெலிக்குக் கொடுத்து, அதன் கருப்பையின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. ஜெனிஸ்டீன் கொடுத்த எலியின் கருப்பை நன்றாகவே கனத்தது. அதே இலையில் ஃபார்மோனோனெட்டின் என்று இன்னொரு பொருளும் இருந்தது. எலியிடம் அதற்கு வீரியம் குறைவு. ஆகவே குற்றவாளி ஜெனிஸ்டீன்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஆனால் மேய்ச்சல் நிலம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஜெனிஸ்டீன் மிகுந்த சில ரகங்களில் மேய்ந்த ஆடுகள் சினைபிடித்துக் குட்டி போட்டன. ஃபார்மோனோனெட்டின் மிகுந்த ரகங்களில் மேய்ந்தவையே மலடாயின. 1960களின் நடுவில்தான் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கை நேர்செய்தார்கள்: ஆட்டைக் கெடுப்பது ஃபார்மோனோனெட்டின். எலியிடம் அடங்கிக் கிடந்த பொருள் ஆட்டிடம் மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது? விடை ஆட்டின் பெருவயிற்றில் இருந்தது.

அசைபோடும் பிராணி தின்பது நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. முதலில் அது பெருவயிற்றில் ஊறுகிறது. அங்குள்ள நீரில் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும். இவை தவிர ஒருசெல் உயிரிகளும் பூஞ்சைகளும் வேறு. ஆடு புல்லைத் தின்கிறது என்கிறோம். சரியாகச் சொன்னால், புல்லைத் தின்பவை இந்த நுண்ணுயிரிகள். அவை விட்டதையும் பிறகு அவற்றையுமே ஆடு சீரணிக்கிறது. குளோவர் இலையும் அவற்றைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே ஜெனிஸ்டீன் உடைந்து, ஹார்மோன் தன்மை இல்லாத எளிய பினால் பொருளாகிவிடுகிறது. சில நாள் மேய்ந்து பழகிய பெருவயிறு அதை வெகு சுருக்காக முடித்துவிடும். ஃபார்மோனோனெட்டின் போகும் வழி வேறு. நுண்ணுயிரிகள் அதை டெய்ட்சீன் ஆக்கி, பின்னர் ஈக்வால் ஆக்குகின்றன. ஈக்வால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் போய்ப் பொருந்தக்கூடியது. தனியாக எடுத்தால் இயற்கை ஹார்மோனைவிட மிகவும் வலுக்குறைந்ததுதான். ஆனால் குளோவர் மேயும் ஆட்டின் ரத்தத்தில் அது அந்த ஹார்மோனைப்போலப் பல ஆயிரம் மடங்கு நிறைந்து கிடக்கிறது.

இந்த ஈக்வால் அறிவியலுக்குப் புதியதல்ல. 1932லேயே சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்து, குதிரைக்குரிய பெயரையும் வைத்துவிட்டிருந்தார்கள். அது குதிரை தின்ற தீவனத்திலிருந்து வந்திருக்கும் என்று அப்போது யாரும் எண்ணவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1982இல், மனிதர் சிறுநீரிலும் ஈக்வால் கண்டறியப்பட்டது. சோயா உண்பவர்களில் சிலர் உடம்பில் உண்டாகிறது, சிலர் உடம்பில் உண்டாவதில்லை. குடலில் அதற்கான பாக்டீரியா உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஒரே உணவை உண்ட இருவருக்கு ஒரே பலன் ஏன் கிடைப்பதில்லை என்று இன்று மருத்துவ உலகம் கேட்கும் கேள்வியை, ஆட்டுப்பட்டி எப்போதோ கேட்டுவிட்டது.

குளோவர் நோயில் என்னை மிகவும் பாதிப்பது அதன் நிரந்தரத் தன்மை. ஒரு பருவம் மட்டும் மேய்ந்த பெட்டையை வேறு புல்லுக்கு மாற்றினால் சில வாரத்தில் தேறிவிடும். ஆண்டுக்கணக்கில் மேய்ந்தது தேறுவதில்லை. அதன் சூலகம் சரியாக வேலை செய்கிறது, கருமுட்டை வெளிவருகிறது, பருவ அறிகுறிகள் தெரிகின்றன. வெளியே பார்த்து அதை மலடு என்று சொல்லவே முடியாது. கோளாறு கருப்பை வாயில். ஆட்டின் கருப்பை வாய் நிறைய மடிப்புகளும் குழிவுகளும் கொண்டது. கிடா விட்ட விந்தணுக்கள் அந்தக் குழிவுகளில் தங்கி, அங்குள்ள கெட்டியான சளியின் வழியாகச் சிறிது சிறிதாக மேலேறும். நெடுநாள் ஈக்வாலில் ஊறிய ஆட்டில் அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன, சுவரின் திசுவே கருப்பையின் திசுவைப்போல மாறிவிடுகிறது, சளி நீர்த்துவிடுகிறது. தங்க இடமில்லாமல் விந்தணுக்கள் வீணாகின்றன. என். ஆர். ஆடம்ஸ் இதை நுண்ணோக்கியில் ஆண்டுக்கணக்காகப் பார்த்து விவரித்தார். ஓர் உறுப்பு என்ன வடிவம் கொள்ள வேண்டும் என்பது கருவிலேயே தீர்மானமாகிவிடும், வளர்ந்த உடம்பில் ஹார்மோன் அதைத் திருத்தி எழுத முடியாது என்பதே பாடநூல் நம்பிக்கை. வளர்ந்த பெட்டை ஆட்டின் கருப்பை வாய் அந்த நம்பிக்கையை மறுத்தது.

தீவனத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவில் பெருவயிறு நிற்கிறது என்பதை அண்டர்வுட் இதற்கு முன்பே ஒருமுறை நேரில் கண்டவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் டென்மார்க் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே குடியேறியவர்களின் ஆடுமாடுகள் முழங்கால் அளவு பச்சைக்கு நடுவில் நின்றபடி தீனியை வெறுத்து, இளைத்து, ரத்தம் செத்து மடிந்தன. லிமோனைட் என்னும் இரும்புத் தாதுக்கல்லைப் பொடித்துக் கொடுத்தால் பிழைத்தன. ஆகவே இரும்புச்சத்துக் குறை என்றார்கள். அண்டர்வுட்டும் கால்நடை மருத்துவர் ஃபில்மரும் அதை நம்ப மறுத்தார்கள். நோய் தீர வேண்டுமானால் அந்தக் கல்லைத் தேவைக்கு மிஞ்சிய அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. செத்த மாட்டின் ஈரலை அறுத்துப் பார்த்தாலோ அதில் இரும்பு நிறைந்திருந்தது. கல்லைக் கரைத்து இரும்பை முழுதாக நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள், ஆடு பிழைத்தது. அந்த மிச்சத்தைப் பிரித்துப் பிரித்து 1935இல் கோபால்ட்டில் வந்து நின்றார்கள். அதே ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டனும் லைன்ஸும் தனி வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு கோபால்ட்.

இதில் ஒரு புதிர் மிஞ்சியது. கோபால்ட்டை வாய்வழி கொடுத்தால் குணம் தெரிந்தது. ஊசியால் உடம்பில் ஏற்றினால் பயனில்லை. 1948இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டு, அதன் மூலக்கூறின் நடுவில் கோபால்ட் அணு இருப்பது தெரிந்தபோது முடிச்சு அவிழ்ந்தது. இந்த வைட்டமினை எந்த விலங்கும் செய்துகொள்ள முடியாது, நுண்ணுயிரிகளால்தான் முடியும். கோபால்ட் தேவைப்பட்டது பெருவயிற்றுப் பாக்டீரியாக்களுக்கு. அவை அதைக் கொண்டு பி12 செய்து கொடுத்தால்தான் ஆடு உயிர்வாழும். 1951இல் கோபால்ட் குறைந்த ஆடுகளுக்கு நேராக பி12 ஊசி போட்டார்கள். அவை எழுந்து தீனி தின்றன.

பென்னட்ஸ் பெயரோடு சேர்ந்த தாமிரக் கதையிலும் பெருவயிறு வருகிறது. பெர்த் நகருக்கு வடக்கே குட்டிகள் பின்னங்கால் துவண்டு தள்ளாடின. தாயின் தீவனத்தில் தாமிரம் குறைந்ததால் கருவிலேயே குட்டியின் நரம்புறை சரியாக உருவாகவில்லை என்று அவரும் சாப்மனும் 1937இல் காட்டினார்கள். தாமிரம் போதுமான அளவு இருந்தும் இதே குறை வரும் இடங்கள் உண்டு. அங்கே புல்லில் மாலிப்டினம் மிகுந்திருக்கும். மாலிப்டினமும் கந்தகமும் பெருவயிற்றில் கூடித் தாமிரத்தைக் கட்டிப்போட்டு, உடம்பில் சேராமல் செய்துவிடுகின்றன. தீவனத்தை மட்டும் பகுத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

பென்னட்ஸின் இன்னொரு கண்டுபிடிப்பு நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோயைப் பற்றியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல பச்சை தழைக்கும் பருவத்தில், மந்தையிலேயே கொழுத்த ஆடுகளாகப் பார்த்துத் திடீர்த் திடீரென்று செத்து விழுந்தன. அது குடலில் உண்டாகும் நஞ்சால் வருவது என்று அவர் 1932இல் நிறுவினார்; அதற்குத் தடுப்பூசியும் செய்தார். அந்த நோயைத்தான் நாம் துள்ளுமாரி என்கிறோம். சாயங்காலம் துள்ளித் திரிந்த குட்டி விடியலில் விறைத்துக் கிடக்கும். சிலது கண்ணெதிரிலேயே துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, கால்களை உதைத்துச் சாகும். இதையும் வயிற்றின் கதையாகவே பார்க்க வேண்டும். இதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வெளியிலிருந்து படையெடுத்து வருவதல்ல. நலமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். மாவுச்சத்தைப் பெருவயிற்று நுண்ணுயிரிகள் முடித்துவிடுவதால் சிறுகுடலுக்கு அது வந்து சேர்வதில்லை. கிளாஸ்ட்ரிடியமும் பட்டினியில் அடங்கியிருக்கும். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய தானியத்தை ஆடு வயிறு முட்டத் தின்றாலோ, முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லில் திடீரென்று இறங்கினாலோ, பெருவயிறு சமாளிக்க முடியாமல் மாவும் சர்க்கரையும் கீழே இறங்கும். சில மணி நேரத்தில் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு சுரக்கும்போது வீரியமற்றது. புரதத்தைச் செரிக்க ஆடு தானே சுரக்கும் டிரிப்சின் என்ற நொதி அதன் ஒரு நுனியை வெட்டிவிட்ட பிறகுதான் வீரியம் பெறுகிறது. பிறகு குடற்சுவரைக் கடந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. செத்த ஆட்டை உடனே அறுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் திறந்தால் சிறுநீரகம் கையில் எடுக்கும்போதே கூழாகக் குழைந்திருக்கும். மூத்திரத்தைச் சோதித்தால் சர்க்கரை இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கான தடுப்பூசியை ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்வது இளம்புல் முளைப்பதற்கு முன்பே உடம்பு தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. சினை ஆட்டுக்கு ஈனும் முன் போட்டால் நஞ்சை முறிக்கும் பொருள் சீம்பாலில் இறங்கிக் குட்டியைக் காக்கும். பிறந்த குட்டி சீம்பாலைச் சீக்கிரம் குடித்தாக வேண்டும் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி போட்ட மந்தையானாலும், காலையில் வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விடாமல் கொஞ்சம் வைக்கோலோ கடலைக்கொடியோ போட்டு ஓட்டுவது நல்லது.

குளோவர் நம் சமவெளியில் விளைவதில்லை. அதன் உறவான குதிரைமசால் விளைகிறது. கொங்குப் பகுதியில் பலரும் ஆசையாகப் பயிரிடும் அருமையான தீவனம். அதில் கூமெஸ்ட்ரால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள் இருக்கிறது. நலமான பயிரில் மிகக் குறைவு. இலையில் பூஞ்சைப் புள்ளியோ அசுவினியோ விழுந்தால், அவற்றை எதிர்க்கச் செடி கூமெஸ்ட்ராலைப் பெருக்குகிறது. அப்படிப்பட்ட இலையைக் கிடா சேர்க்கும் பருவத்தில் தின்ற பெட்டைகள் வெளிவிடும் கருமுட்டைகள் குறைகின்றன. இரட்டைக் குட்டி போட வேண்டியது ஒன்றோடு நிற்கும், அல்லது சினையே தப்பும். கிடா விடுவதற்கு முந்தைய வாரங்களில் பெட்டைக்குத் தீவனத்தைக் கூட்டினால் குட்டி கூடும் என்பது நல்ல ஆலோசனை. அந்தக் கூடுதல் தீவனம் புள்ளி விழுந்த குதிரைமசாலாக இருந்தால் பலன் தலைகீழாகும். அப்போது பெட்டைக்கு வேறு பச்சை தேடுவது புத்திசாலித்தனம்.

ஆஸ்திரேலியர்கள் குளோவரைக் கைவிடவில்லை. கைவிட்டால் அந்த மண்ணில் ஆடே கிடையாது. செடியை மாற்றினார்கள். இலைத் துணுக்கை நசுக்கி, சாற்றை மெல்லிய படலத்தில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் பார்த்து ஃபார்மோனோனெட்டின் அளவைச் சொல்லும் சோதனையை உருவாக்கினார்கள். பழைய ரகங்களில் காய்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேல் அது இருந்தது, 0.2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் புது ரகம் வெளியே வரலாம் என்று வரம்பு வைத்தார்கள். டாலியக், சீட்டன் பார்க், ட்ரிக்காலா போன்ற ரகங்கள் அப்படி வந்தவை. எனினும் பழைய குளோவரின் கெட்டி விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பதால் அது முற்றிலும் ஒழியவில்லை. காரணம் தெரியாமல் சினைவிழுக்காடு குறையும் பண்ணைகளில் இன்றும் மருத்துவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது தரையில் உள்ள இலையைத்தான்.

சூபாபுல் விஷயத்தில் அதே ஆஸ்திரேலியர்கள் செடியை விட்டுவிட்டு வயிற்றை மாற்றினார்கள். நம் வேலியோரங்களிலும் நிற்கும் அந்த மரத்தின் தழையில் மிமோசின் இருக்கிறது. பெருவயிற்றில் அது தைராய்டைக் கெடுக்கும் வேறொரு பொருளாக மாறும். ஆஸ்திரேலிய மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்தில் தைராய்டு வீங்கியது. சினை மாடுகள் எடை குறைந்த, தைராய்டு வீங்கிய கன்றுகளை ஈன்றன. ஆனால் ஹவாயிலும் இந்தோனேசியாவிலும் ஆடுமாடுகள் இதையே தின்று நலமாக இருந்தன. அங்குள்ள பெருவயிறுகளில் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஊகித்தார். 1980களின் தொடக்கத்தில் அந்தப் பகுதிகளின் ஆடுகளின் பெருவயிற்று நுண்ணுயிரிகளைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியப் பிராணிகளின் வயிற்றில் செலுத்தினார். நஞ்சை உடைக்கும் வேலை அங்கேயும் தொடங்கியது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரால் சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் அதை வளர்த்துப் புட்டியில் அடைத்துப் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். மந்தையில் சில மாடுகளுக்குப் புகட்டினாலே போதும், கூடி மேயும்போது அது மற்றவற்றுக்கும் பரவிவிடுகிறது.